கேட்காமல் எதையும் தொடாதவர்

குன்னம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற என் தையல் கடைக்கு வாசல் என்று தனியாக ஒன்று கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் கடை, இறக்கினால் ரோடு. வருகிறவர்கள் ரோட்டில் நின்றபடியே ரவிக்கைத் துணியை என் மெஷின்மேல் போட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமைக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் ஷட்டர் விழுகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "உள்ள வரலாங்களா?" என்று கேட்பார். வந்ததும், "இந்த ஸ்டூல்ல உட்காரலாங்களா?" பிறகு, "அந்தத் தண்ணியக் குடிக்கலாங்களா?" வியர்த்தால், "ஃபேனை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கலாங்களா?" ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. பதிலுக்குக் காத்திருப்பார். நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தால், கடித்து முடித்து வாயைத் திறக்கிற வரைக்கும் வெயிலில் நிற்பார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தை நிறுத்தும்போது என்னை யாரும் கேட்கவில்லை. கட்டிக் கொடுக்கும்போது கேட்கவில்லை. கட்டிக்கொண்டவரும் இன்றுவரை ஒரு குழம்பு வைக்கக்கூட என்ன வைக்கலாம் என்று கேட்டதில்லை, என்ன வைக்க வேண்டும் என்று சொல்வதோடு சரி. நாற்பதைத் தாண்டிய ஒருத்தியிடம், காரில் வந்து இறங்குகிற ஒரு அம்மா, ஃபேனைத் திருப்புவதற்கு அனுமதி கேட்கிறார். நான் மயங்கித்தான் போனேன்.

என் அம்மாவின் சேலை ஒன்று இன்றைக்கு அவருடைய படத்துக்குள் சிமெண்டுப் பால் குடித்து விறைத்துக் கிடக்கிறது. அதையும் அவர் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிப் பேசியதும் இல்லை. 'சேலை மேடம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பெரிய அதிகாரியாக இருந்தார். இப்போது மாற்றலாகி வடக்கே எங்கேயோ போய்விட்டார்கள். இங்கே இருந்தவரைக்கும் குவார்ட்டர்ஸில் கார் வெயிலில் நிற்கும், கார் நிற்க வேண்டிய நிழலில் இவருடைய பலகைகள் நிற்கும். படம் போடுகிறவர் என்று சொன்னார்கள். சாமி படமோ, பொம்பளை குடம் தூக்கிக்கொண்டு போகிற படமோ என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கதவு அகலத்துக்கு ஒரு பலகை. மேல்பாதியில் சுண்ணாம்புக்கல் தூள், கீழ்ப்பாதியில் எங்கள் கரிசல் மண். இடையில் வெங்காயச் சருகு, மக்காச்சோளத் தோகை, கிழிந்த சிமெண்டு மூட்டை, பஸ் டிக்கெட், நிலத்தில் கிடைக்கிற கல்லாகிப்போன கிளிஞ்சல் எல்லாவற்றையும் ஒட்டி, நடுவில் பெயிண்டை வழியவிட்டிருந்தார்.

"இதுல எது என்னாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"எதுவும் எதுவும் இல்லைங்க. பார்க்கிறப்ப உங்களுக்கு என்ன தோணுது?"

"சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச ஆளு பாதியில சாப்பிடப் போயிட்டாப்ல இருக்குங்க."

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். இவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "நீங்க சொன்னதை நான் எழுதி வச்சுக்கலாங்களா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டார்.

அவர் போட்டதெல்லாம் எல்லையைப் பற்றிய படங்கள். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்து, பிரிந்து, திரும்பச் சேர்ந்து, மறுபடியும் பிரிந்த கதையை, எங்களுக்கே தெரியாததுபோல எங்களிடம் சொல்வார். "ஒரு நாள் கோடு இருக்கு, இன்னொரு நாள் இல்லை. ஆனா ஒரு யோசனை ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊருக்குப் போறப்ப கோட்டைப் பார்த்து நிக்குதுங்களா? இங்க கடலே இருந்திருக்கு. கடலுக்குத் தெரியாது, காத்துக்குத் தெரியாது, காட்டுப்பன்னிக்குத் தெரியாது." பேச்சு நல்ல பேச்சு. பன்றிக்குத் தெரியாததால்தானே நாங்கள் வேலி கட்டுகிறோம் என்று மட்டும் எனக்குத் தோன்றும். சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார் என்று சும்மா இருந்துவிடுவேன்.

அந்த வேலிதான் அவரை எங்கள் பக்கம் இழுத்து வந்தது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற காலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கொல்லை என்று நாங்கள் சொல்கிற வயலைச் சுற்றிக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி பழைய சேலையை இழுத்துக் கட்டியிருக்கும். காட்டுப்பன்றி அதைக் கண்டால் ஆள் நிற்பதாக நினைத்துத் திரும்பிவிடுமாம். மனித வாடை பிடித்துத்தான் திரும்புகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. பன்றியிடம் யாரும் கேட்டதில்லை, சேலை மேடம் உட்பட.

"எல்லைன்னா கம்பி, கல்லு, போர்டுன்னுதான் இத்தனை நாளா நினைச்சிருந்தேன்" என்று ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னார். "இங்க பொம்பளைங்க உடம்புல கிடந்த துணி எல்லையா நிக்குது." சொல்லும்போது கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. வேஷம் இல்லை. அவரை வேஷக்காரர் என்று என்னால் ஒரு நாளும் சொல்ல முடியாது. அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருக்காது.

வெயிலில் வெளுத்து, மழையில் கறையேறி, முள்ளில் கிழிந்த வேலிச் சேலைகளை வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பச்சை வலை வாங்கிக் கொடுப்பார். சேலையைக் கனமான படுதாத் துணியில் வைத்துத் தைத்துப் பலகையில் இழுத்துக் கட்ட வேண்டும். என்னிடம் படுதா தைக்கிற மெஷின் இருந்ததால் என்னிடம் வந்தார். சேலையோடு சேர்த்துக் கதையும் வாங்குவார். இந்த வேலி கட்டுகிற யோசனை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போயிற்று, முதலில் யார் கட்டினார்கள் என்று டீக்கடை டீக்கடையாக விசாரிப்பார். படத்தில் அதற்கெல்லாம் சிவப்பு நூல் ஓடும்.

அவர் கேட்கிற பழக்கத்தில் ஒரு கோணல் இருந்தது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு வெங்காயப் பட்டறை. பெண்கள் உட்கார்ந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். காலடியில் மலையாகச் சருகு. இவருக்கு அந்தச் சருகு வேண்டும். "அள்ளிக்கிட்டுப் போங்க மேடம், காத்துல பறக்கப்போறதுதான்" என்றார்கள். இவர் தொடவில்லை. பட்டறைக்காரர் வரட்டும் என்று வேப்பமரத்தடியில் நின்றார். அவர் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டதும் அவருக்குக் குளிர்ந்துபோயிற்று. "இதுக்குப் போயி என்னைக் கேட்டுக்கிட்டு" என்று சொல்லிவிட்டு, பெண்களைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க, மேடத்துக்கு நல்ல சருகாப் பொறுக்கி மூட்டை கட்டிக் குடுங்க" என்று ஒரு அதட்டல். வேலை முடிகிற நேரம். புடைத்துப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குப் போக முடிந்தது. "அந்தம்மா கேக்காம அள்ளிக்கிட்டுப் போயிருந்தா வெளிச்சத்துலயே வூடு சேந்திருப்போம்" என்று மறுநாள் கடைக்கு வந்த ஒருத்தி சொன்னாள்.

திருமானூர்ப் பக்கம் ஒரு வயசான அம்மா, தன் சேலையைத் தானே வேலியிலிருந்து அவிழ்த்து நீட்டியிருக்கிறார். இவர் வாங்கவில்லை. கொல்லை யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்து, சிங்கப்பூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டார். நான் அன்றைக்குக் கூடப் போயிருந்தேன். அந்த அம்மா கையில் சேலையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் ஆயி, என் சேலையக் குடுக்க அவனைக் கேக்கணுமா? அவன் பொறக்கறதுக்கு முந்தியும் நான் சேலை கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்படி இல்லைங்கம்மா" என்று இவர் பொறுமையாகச் சொன்னார். "நாளைக்கு அவர் வந்து, என் கொல்லையில எப்படி எடுத்தீங்கன்னு கேட்டா, உங்களுக்குத்தானே சங்கடம்." மகன் போனை எடுக்கவில்லை. சேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கார் திரும்புகிறவரை அந்த அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

பெரிய படம் ஒன்றுக்காக நான் சில நாள் அரியலூருக்குப் போய்த் தைக்க வேண்டியிருந்தது. கடையில் என்னிடம் பேசி முடிவாகியிருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்தார். லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம், "சார், இவங்க ஒரு வாரம் வந்து தைச்சுக் கொடுக்கலாங்களா?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாழ்நாளில் யாரும் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ கையெழுத்துப் போடுகிறவர்போலக் கொஞ்ச நேரம் யோசித்து, "போயிட்டு வரட்டும்" என்றார். அந்த வாரம் முழுக்க, "மரியாதை தெரிஞ்ச பொம்பள" என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அரியலூரில் தைத்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் மேடமாகவே சொன்னார். படிக்கிற காலத்தில் ஏதோ ஊர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பூ விற்ற ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் வரைந்திருக்கிறார். அவள் பார்த்துவிட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, நோட்டைப் பிடுங்கி, அந்தத் தாளைக் கிழித்து, "யாரைக் கேட்டு வரைஞ்சே?" என்று கேட்டாளாம். "எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சுங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே கேட்காம எதையும் தொடுறதில்லைன்னு."

நான் மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கிழித்தது அந்தப் பொம்பளை. "யாரைக் கேட்டு" என்று கேட்டதும் அவள்தான். தன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள். இவருக்கு அதில் பாதி மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் முதன்முதலாகச் சேலை வேலி கட்டியது அவள்தான். தா.பழூர்ப் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது, ஒரு கொல்லையைச் சுற்றிக் கலர் கலராகத் துணி ஆடுவதைப் பார்த்திருக்கிறாள். பக்கத்து சீட்டுக்காரியிடம் என்ன ஏது என்று விசாரித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் எங்கள் மேட்டுக்கொல்லையில் குச்சி நட்டுத் தன் சேலைகளைக் கட்டிவிட்டாள். டீக்கடையில் சிரித்தார்கள். அப்பா இல்லாத வீடு, அண்ணன்தான் ஆம்பளை. அவனுக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லை. வந்து அவிழ்த்து எறிந்தான். அம்மா மறுபடியும் கட்டினாள். "பன்னி தின்னப்ப போவாத மானம், சேலை கட்டுனா போயிடுமாடா?" என்றாள். அந்த வருஷம் ஊர்ச் சோளமெல்லாம் பன்றிக்குப் போக, எங்கள் கொல்லை மட்டும் நின்றது. அடுத்த வருஷம் சிரித்தவன் கொல்லையிலெல்லாம் சேலை. அதற்கப்புறம் என் அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து, எத்தனை முழ உயரத்தில் கட்டினால் பன்றி வராது என்று பாடம் நடத்த ஆரம்பித்தான்.

அம்மா பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் இறந்தாள். கருமாதி முடிந்ததும் மகளுக்கு அம்மா கட்டிய சேலையில் ஒன்றை எடுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். எனக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் வாயைத் திறந்துவிட்டேன். "மேட்டுக்கொல்லையில எனக்கும் ஒரு பங்கு உண்டுல்ல அண்ணே" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பங்கும் வரவில்லை, சேலையும் வரவில்லை. அடுத்த சோளத்துக்கு, அம்மாவின் சேலைகள் அத்தனையும் மேட்டுக்கொல்லையில், பஸ் போகிற ரோட்டோரமாக, வேலியில் ஏறின. நான் கட்டிக்கொண்டு போன ஊரிலிருந்து குன்னம் வருகிற பஸ்ஸுக்கு வேறு வழி கிடையாது. ஏன்டா இப்படி என்று கேட்டவர்களிடம், "பன்னிக்கும் பங்கு கேக்குறவளுக்கும் ஒரே வேலி போதும்" என்று சொன்னானாம்.

அதில் ஒரு கத்தரிப்பூ கலர் நைலக்ஸ் சேலை. அம்மா அதைக் கட்டிக்கொண்டு போனபோது கருவேல முள் மாட்டி முந்தானைப் பக்கம் நீளமாகக் கிழிந்துவிட்டது. எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான், வீட்டில் இருந்த வெள்ளை நூலில் அதைத் தைத்தேன். என் கை போட்ட முதல் தையல். கோணிக்கொண்டு ஓடியிருக்கும். அம்மா அதை மறைத்துக் கட்ட மாட்டாள். கல்யாண வீட்டில்கூட யாராவது பார்த்தால், "எம்மவ தச்சது" என்று விரித்துக் காட்டுவாள். காலையிலும் சாயங்காலமும் பஸ் ஜன்னலில் அந்தச் சேலை வெளுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். பங்கு போனால் போகிறது, அந்த ஒரு சேலையைக் கொடுக்கச் சொல்லு என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன். "அத எடுத்தா வேலியில சந்து விழும்" என்று பதில் வந்தது.

ஒரு நாள் சேலை மேடம் ஒரு மூட்டையோடு வந்தார். உள்ளே வரலாமா, உட்காரலாமா எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, மூட்டையைப் பிரித்து என் மெஷின்மேல் போட்டார். மேலேயே அது கிடந்தது. வெயில் பட்ட பக்கமெல்லாம் சாம்பலாகி, மடிப்புக்குள் மட்டும் கத்தரிப்பூ மிச்சம் இருந்தது. வெள்ளைத் தையல் அப்படியே இருந்தது.

"இந்தத் தையலைப் பாருங்க" என்றார். "இந்தப் படத்துக்கே இதுதாங்க உயிர்."

"மேடம், இது எங்கம்மா சேலை."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படிங்களா? சொல்லுங்க, சொல்லுங்க."

சொன்னேன். தா.பழூர் பஸ், டீக்கடைச் சிரிப்பு, அண்ணன் அவிழ்த்து எறிந்தது, கருமாதி, வெள்ளை நூல், எல்லாம் சொன்னேன். அம்மா செத்த அன்றைக்குக்கூட நான் அவ்வளவு பேசவில்லை. அவர் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டார், அதற்கு மட்டும் அனுமதி கேட்கவில்லை. "இத எனக்குக் குடுத்துடுங்க மேடம்" என்றேன்.

"கண்டிப்பாங்க. உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அவர்கிட்ட கேட்டுத்தானே எடுத்தேன். படத்துக்குன்னு வாங்கிட்டு, அவரைக் கேட்காம இன்னொருத்தருக்குக் கொடுத்தா தப்பாயிடும்ங்க."

"நான் இன்னொருத்தரு இல்லீங்க. அவ மவ."

"அதனாலதாங்க முறையா கேட்டு வாங்கித் தரேன்னு சொல்றேன். முதல்ல கட்டினது உங்க அம்மான்னு சொன்னீங்கல்ல, அதையும் அவர்கிட்ட ஒரு தடவை உறுதி பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் சேலை உங்ககிட்டயே இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று சொன்னதை நான் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவு நல்லவர் கேட்டால் அண்ணன்கூட இறங்கிவிடுவான் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் வாளியில் ஊற வைத்தேன். கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர் இறங்கியது. அலசி, நிழலில் உலர்த்தி, சூடு அதிகம் படாமல் அயர்ன் பண்ணி மடித்து வைத்தேன். அம்மா வாடை எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. இருந்தாலும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது ஷட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"உங்க அண்ணன் நல்லாத்தாங்க பேசினார். டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஆனா சம்மதிக்கலை. 'உங்க படத்துக்குன்னா எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க, அவளுக்குன்னா ஒரு நூலுகூடக் கெடையாது'ன்னுட்டார். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "முதல்ல கட்டினதும் அவர்தானாங்க. உங்கம்மா கூட நின்னு குச்சி பிடிச்சுக்கிட்டாங்களாம்" என்றார்.

"நான் சொன்னனே மேடம்."

"சொன்னீங்க. ஆனா கொல்லை அவரோடதுங்களே."

நல்ல மனுஷியின் முகம்தான் அது. வருத்தம் நிஜம். ஒரு பக்கம் என்னையும் ஒரு பக்கம் தன் நியாயத்தையும் வைத்துக்கொண்டு, நியாயத்தை விட முடியாமல் தவிக்கிற முகம். பையிலிருந்து சேலையை எடுத்து வைத்தேன். விரித்தார். விரித்தவர் கை அப்படியே நின்றது.

"துவைச்சுட்டீங்களா?"

"ஆமாங்க."

"ஐயோ, அந்தத் தூசி, அந்த மழைக்கறை... அதுதாங்க எனக்கு வேண்டியது. என்னைக் கேட்காம துவைச்சுட்டீங்களே."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். உடனே, "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மெஷின்மேல் கிடந்த என் கையைத் தாண்டித்தான் மடித்தார். அன்றைக்குப் போய்வரலாமா என்று கேட்காமல் போனார். தைக்கிற வேலையை அரியலூரில் வேறு டெய்லரிடம் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் படங்களை முதலில் சென்னையில் வைத்தார்கள். பிறகு, எந்த மண்ணில் எடுத்தேனோ அந்த மண்ணிலும் வைக்க வேண்டும் என்று, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "சார், இவங்களை அவசியம் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். சேலையைப் பார்க்க வேண்டும் என்று போனேன்.

மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்கிற மேடையில் அந்தப் பெரிய பலகை நின்றது. அம்மாவின் சேலையைக் குறுக்காக இழுத்து, மடிப்பு மடிப்பாகச் சிமெண்டுப் பால் ஊற்றி விறைக்க வைத்திருந்தார். மேலே மண்ணைத் திரும்பத் தூவியிருந்தார். மேட்டுக்கொல்லை மண்ணாகத்தான் இருக்கும், கேட்டுத்தான் அள்ளியிருப்பார். நடுவில் என் வெள்ளைத் தையலுக்கு மட்டும் தனியாக ஒரு விளக்கு. அங்கிருந்து சிவப்பு நூல்கள் ஊர் ஊராகக் கிளம்பி ஓடின. தா.பழூரிலிருந்து எங்கள் ஊருக்கு வர வேண்டிய நூலைக் காணவில்லை. முன்னால் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்று, "அந்தத் தையலை எவ்வளவு யோசிச்சுக் கோணலா வச்சிருக்காங்க பாரு" என்று பேசிக்கொண்டார்கள். கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டலாமா என்று எனக்கு இருந்தது. எட்டியிருக்காது.

மைக்கில் என் அண்ணனைக் கூப்பிட்டார்கள். கருமாதிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவனைப் பக்கத்தில் பார்த்தேன். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. "இந்த வேலி யோசனை இந்தப் பக்கத்துக்கு இவர் மூலமாத்தான் வந்தது. இவர் அனுமதி கொடுக்கலைன்னா இந்தப் படமே இல்லை" என்று சொல்லி, மேடம் தன் கையாலேயே அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அண்ணன் மைக்கைப் பிடித்து, "மொத மொத நான் கட்டுனப்ப ஊரே சிரிச்சுச்சுங்க" என்று ஆரம்பித்தான். அம்மா பட்ட சிரிப்பையும் எடுத்துக்கொண்டுவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார்.

மேடையிலிருந்து இறங்கியதும் அவர் நேராக என்னிடம் வந்தார். என்னைக் கண்டதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணு கேட்கலாங்களா? உங்களை அந்தச் சேலை பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?"

"என்னை ஏன் மேடம் கேக்குறீங்க?" என்றேன். "எங்கண்ணன் அங்கதான நிக்கிறாரு. அவரைக் கேளுங்க."

குத்திக் காட்டத்தான் சொன்னேன். இதுவாவது உறைக்கும் என்று நினைத்தேன். அவர் ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார்.

"ஆமாங்க, அதுவும் சரிதான்" என்றார். பிறகு கூட்டத்துக்குள் நுழைந்து, எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும், "கொஞ்சம் போயிக்கலாங்களா, போயிக்கலாங்களா" என்று கேட்டு வழி வாங்கிக்கொண்டு, பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்த என் அண்ணனிடம் போனார்.